அம்மாவின் வலது கன்னத்தில் கரண்ட் அடிக்கிற வலி: மாத்திரையைத் தொடரலாமா, ஊசியா, ஆபரேஷனா?

கோபி மஞ்சக்காடு

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். அனுபவப்பட்டவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. கோபிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அவரும் இருக்கிறார்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சனிக்கிழமைதான் ஊருக்குப் போக முடியும். போன கார்த்திகையில் ஒரு நாள் காலையில் முகம் கழுவும்போது வலது மூக்கோரத்தில் சுரீரென்று ஒரு வெட்டு. கரண்ட் கம்பியைத் தொட்ட மாதிரி இருந்ததாம். சில நொடிதான், அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தது. தை முடிவதற்குள் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை ஆகிவிட்டது. அந்த வருடம் மஞ்சள் வெட்டுக்கு அம்மா காட்டுப் பக்கமே வரவில்லை.

பல்வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். மேல்கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள். நிற்கவில்லை. அந்தப் பல்லையே பிடுங்கினார்கள். மூன்று வாரம் நின்றது, திரும்பவும் வந்தது. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை போனபோது அம்மா முகத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தில் மட்டும் மஞ்சள் பூசியிருந்தார். வலது பக்கம் மூக்கோரத்தில் இருந்து காது வரைக்கும் அழுக்கு திட்டுத் திட்டாக நின்றது. கை பட்டால் வெட்டும் என்று பயந்து அந்தப் பக்கத்தைக் கழுவியே எத்தனை நாளோ. அரிசிம்பருப்பு சாதத்தைக் குழைய விட்டு, ஆறவைத்து, இடது ஓரமாகவே ஒதுக்கி விழுங்கினார். எடை 58 கிலோவில் இருந்து 49 ஆகியிருந்தது.

அதற்கப்புறம்தான் நரம்பு டாக்டரிடம் போனோம். கதையைக் கேட்டதுமே ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முக நரம்பு வலி என்றார். கார்பமசெபின் 100 மில்லிகிராம் காலையும் இரவும். மூன்றாம் நாளே பாதி வலி போய்விட்டது. அம்மா அழுதுவிட்டார். இப்போது அளவு 800 வரை ஏறியிருக்கிறது. வலி குறைவுதான், ஆனால் எந்நேரமும் தூக்கம், தள்ளாட்டம். கிணற்றுப் படியில் ஒரு முறை விழப் பார்த்தார். வைகாசி முடிந்து காற்று கிளம்பியதும் வெட்டு மறுபடி கூடிவிட்டது. வேறு மாத்திரை மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஊசியோ ஆபரேஷனோ யோசியுங்கள் என்கிறார் டாக்டர். மூளைப் பக்கம் ஆபரேஷன் என்றதும் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

என்ன செய்வதுங்க?

பல்லடம் தறிக்காரர்

தம்பி, படித்ததும் பழசெல்லாம் வந்துவிட்டது. எனக்கு இடது பக்கம், கீழ்த்தாடை. தறிக் குடோனில் ஃபேன் காற்று பட்டாலே வெட்டும். சவரம் செய்ய முடியாமல் ஒரு பக்கம் மட்டும் தாடியோடு ஐந்து மாதம் திரிந்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்டேன். ராத்திரி ஷிப்ட் ஆள் வந்ததும் விவரமாக எழுதுகிறேன். அதுவரைக்கும் ஒன்று மட்டும்: இனி ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள்.

நாமக்கல் பல் டாக்டர்

பல் மருத்துவனாக இதற்கு நான்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவுக்கு நடந்தது எங்கள் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு. ஏன் நடக்கிறது என்று தெரிந்தால் இன்னும் நாலு பேருடைய பல் பிழைக்கும்.

முகத்தின் தொடு உணர்வை எடுத்துச் செல்வது ஐந்தாவது கபால நரம்பு. அதற்கு மூன்று கிளை: நெற்றிக்கும் கண்ணுக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. பல்லுக்குப் போவதும் இதே நரம்பின் இழைகள்தான். அதனால் நோயாளிக்கு வலி பல்லில் இருந்து கிளம்புகிற மாதிரியே இருக்கும், விரலை வைத்து இந்தப் பல்தான் என்று காட்டுவார். நாங்கள் மரத்துப்போகிற ஊசி போட்டுப் பார்ப்போம். வலி நிற்கும். சரி, பல்தான் என்று முடிவு கட்டிவிடுவோம். அங்கேதான் ஏமாறுகிறோம். வலியைக் கிளப்புகிற இடம் மரத்துப்போனால் நரம்பு வலியும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அடங்கத்தான் செய்யும்.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. இந்த வலி தானாகவே சில வாரம், சில மாதம் ஓய்வெடுக்கும். பல்லைப் பிடுங்கிய நேரமும் அந்த ஓய்வும் ஒன்றாக அமைந்துவிட்டால் பிடுங்கியதால் நின்றது என்று தோன்றும். நீங்கள் எழுதியிருக்கிற அந்த மூன்று வாரம் அதுவாகத்தான் இருக்கும்.

பல்வலி விண்விண் என்று மணிக்கணக்கில் இருக்கும், சூடோ குளிரோ பட்டால் கூடி மெதுவாக இறங்கும், ராத்திரியில் எழுப்பிவிடும். இந்த நரம்பு வலி நொடிக்கணக்கில் பளீரென்று வந்து போகும், அதிகம் போனால் இரண்டு நிமிடம். லேசாகத் தொட்டாலே வரும்: முகம் கழுவுதல், பல் விளக்குதல், பேச்சு, காற்று. அழுத்திப் பிடித்தால் வராது, பூ மாதிரி பட்டால் வரும். எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருந்து இந்தக் கதையும் இருந்தால் கொறடை எடுக்கவே கூடாது.

ஈரோடு மருந்தாளுநர்

மருந்துக் கடையில் இருபது வருடம் நிற்கிறவள் நான். மாத்திரைப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

பாரசிட்டமால், டைக்ளோஃபெனாக் எதுவும் இந்த வலிக்குக் கேட்காது. கார்பமசெபின் வலிப்பு நோய்க்கு வந்த மருந்து, 1962ல் இருந்து இந்த முக வலிக்கும் கொடுக்கிறார்கள். இன்றைக்கும் முதல் மருந்து அதுதான். பெரும்பாலானவர்களுக்கு 600, 800ல் கட்டுப்படும், 1200 வரை போகிறவர்களும் உண்டு. அதற்கு அடுத்தது ஆக்ஸ்கார்பசெபின். இரண்டும் ஒத்துவராவிட்டால் பேக்லோஃபென், லாமோட்ரிஜின், கேபாபென்டின், பிரிகாபலின் என்று சேர்த்துப் பார்ப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை: திடீரென்று நிறுத்தக் கூடாது. சி.ஆர் என்று போட்ட, மெதுவாகக் கரைகிற மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் யாராவது எழுதினால் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிட வேண்டும், ரத்தத்தில் கார்பமசெபின் அளவு ஏறித் தள்ளாட்டம் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று மாதத்தில் உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆசிய மக்களில் சிலருக்கு இருக்கிற ஒரு மரபணு வகையால் தோலே உரிகிற அளவுக்குப் போகலாம், அதற்கு முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை இருக்கிறது. வெள்ளணுவும் ஈரல் பரிசோதனையும் அவ்வப்போது பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் ரத்தத்தில் சோடியம். இந்த இரண்டு மருந்தும் சோடியத்தை இறக்கும், ஆக்ஸ்கார்பசெபின் இன்னும் கூடுதலாக இறக்கும். அம்மாவுக்குப் பிபி மாத்திரை இருக்கிறதா? இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பக்கத்தில் எச் என்று ஒரு எழுத்து இருந்தால் பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். அதுவும் சோடியத்தை இறக்குகிற மருந்து. இரண்டும் சேரக் கூடாது என்றில்லை, ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பல்லடம் தறிக்காரர்

ராத்திரி சொன்ன மாதிரி வந்துவிட்டேன்.

எனக்கு என் டாக்டர் விளக்கியதைத் தறிக்காரன் பாஷையில் சொல்கிறேன். மோட்டார் வயர் சட்டத்தில் உரசி உரசி மேலுறை தேய்ந்தால் என்ன ஆகும்? தொட்டால் ஷாக். இந்த நரம்புக்கும் உறை உண்டு. மூளைத்தண்டில் இருந்து அது கிளம்புகிற இடத்தில் ஒரு ரத்தக் குழாய், பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகிற மேல் தமனி, வயதாக ஆக வளைந்து வந்து நரம்பின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் ஒரு இடி. வருடக்கணக்கில் இடித்து உறை தேய்கிறது. அப்புறம் தொடுகிற உணர்வே வலியாக மாறிப் பாய்கிறது. 1930களிலேயே வால்டர் டேண்டி என்கிற அமெரிக்க அறுவை நிபுணர் இப்படி ரத்தக் குழாய் நரம்பை அழுத்துவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். 1960களில் பீட்டர் ஜனெட்டா மைக்ரோஸ்கோப் வைத்து அந்தக் குழாயை நகர்த்துகிற ஆபரேஷனைக் கொண்டுவந்தார். எம்.வி.டி என்று சொல்வார்கள்.

மூளை ஆபரேஷன் என்றால் மூளையை வெட்டுகிறார்கள் என்று அப்பா நினைத்திருப்பார். என் வீட்டிலும் அப்படித்தான். வெட்டுவது இல்லை. காதுக்குப் பின்னால் மூன்று விரல் நீளத்துக்குக் கீறி, எலும்பில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வழி செய்து, அந்தக் குழாயை நரம்பில் இருந்து தூக்கி, நடுவில் டெஃப்ளான் பஞ்சு வைத்துவிடுகிறார்கள். நரம்பை ஒன்றும் செய்வதில்லை, அதனால் கன்னம் பெரும்பாலும் மரப்பதில்லை. ஒரு ராத்திரி ஐ.சி.யூ, மொத்தம் ஆறு நாள் ஆஸ்பத்திரி. மூன்று நாள் நல்ல தலைவலி, குமட்டல். இடது காது மூன்று வாரம் அடைத்திருந்தது. கண் விழித்ததும் நாக்கால் அந்தப் பல்லீறைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நம்பாமல் திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜனெட்டாவின் மருத்துவமனையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 1996ல் வெளியிட்ட கணக்கில், பத்து வருடம் கழித்தும் மாத்திரை இல்லாமல் வலியில்லாதவர்கள் 70 சதவீதம். ஒரு சதவீதம் பேருக்கு அந்தக் காது கேட்காமல் போயிருக்கிறது. உயிரிழப்பு இரண்டு பேர். தண்டுவட நீர் கசிவு, தொற்று, கன்ன மரப்பு எல்லாம் டாக்டர் பேப்பரில் எழுதிக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினார். அம்மாவுக்கு 61 வயதுதான். மாத்திரை தாங்காமல் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் அதுவும் ஆபத்துதானே தம்பி. கடைசி வழி, கடைசி வழி என்று நான் ஏழு வருடம் தள்ளிப்போட்டேன். அந்த ஏழு வருடத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உடுமலை அக்கா

எங்கள் அப்பாவுக்கு 78. இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், முழு மயக்கம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஊசி வழி. கேட்கிற தம்பிக்கு அந்தப் பக்கமும் தெரிய வேண்டும்.

வாயோரத்தில் இருந்து கொஞ்சம் தள்ளிக் கன்னத்தில் ஊசி ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே மண்டையோட்டின் அடியில் இருக்கிற சின்ன ஓட்டை வழியாக நரம்பு முடிச்சுக்குக் கொண்டுபோகிறார்கள். நடுவில் அப்பாவை எழுப்பி எங்கே சுருக்கென்கிறது என்று கேட்டுச் சரியான கிளையைப் பிடித்தார்கள். அப்புறம் ரேடியோ அலையால் ஒரு நிமிடம் சூடு. இதே வழியில் கிளிசரால் விடுவதும், குட்டி பலூனை ஊதி நரம்பை அழுத்துவதும் உண்டு. மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டோம், வலி சுத்தமாக இல்லை.

ஆனால் இது நரம்பைக் கொஞ்சம் சுட்டு மரக்கச் செய்கிற வைத்தியம். அப்பா வெற்றிலை மெல்லும்போது உள்கன்னத்தைக் கடித்துக்கொண்டது அவருக்கே தெரியவில்லை, வேட்டியில் ரத்தம் சொட்டிய பிறகுதான் பார்த்தோம். நெற்றிக் கிளை மரத்தால் கண்ணில் தூசி விழுந்தாலும் தெரியாது, கருவிழி புண்ணாகிவிடும் என்று எச்சரித்தார்கள். அபூர்வமாக மரத்த இடத்திலேயே ஓயாத எரிச்சல் வந்து எதற்கும் அடங்காமல் போவதும் உண்டாம். மூன்று வருடத்தில் அப்பாவுக்கு வலி திரும்பியது, மறுபடி அதே ஊசி போட்டோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

வயதானவர்களுக்கும் மயக்கம் தாங்காதவர்களுக்கும் இது பெரிய வரம். உங்கள் அம்மாவுக்கு உடம்பு தாங்குமென்றால் முதலில் எம்.ஆர்.ஐ எடுத்துக் குழாய் உரசுகிறதா என்று பாருங்கள்.

சென்னிமலை நெசவு

எங்கள் அம்மாயிக்கு இதே வலி இருந்தது. வேப்பிலையால் மந்திரித்து, கிராம்புத் தைலம் போட்டு நீவி விட்டோம். இரண்டு மாதம் வலியே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அதையும் செய்து பாருங்கள்.

நாமக்கல் பல் டாக்டர்

சென்னிமலையாருக்கு: அந்த இரண்டு மாதம் நான் மேலே சொன்ன ஓய்வாக இருக்க வாய்ப்பு அதிகமுங்க. மந்திரிப்பதால் அம்மாவுக்கு மனம் தேறுமென்றால் செய்யட்டும், நான் தடுக்க மாட்டேன். ஆனால் கன்னத்தில் தைலம் போட்டு நீவ வேண்டாம். தொட்டால் வெட்டுகிற இடத்தையே தொடுவதாகிவிடும். அதைவிட முக்கியம், அதற்காகக் கார்பமசெபினை நிறுத்தக் கூடாது.

கரூர் கொசுவலை

எனக்கு 28 வயது. இரண்டு கன்னத்திலும் மாறி மாறிப் பத்து நாளாக இதே மாதிரி வெட்டுகிறது. காலும் ஒரு மாதிரி மதமதப்பாக இருக்கிறது. இதே மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

ஈரோடு மருந்தாளுநர்

வேண்டாம் கண்ணு. இது சாதாரணமாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு பக்கம் மட்டும் வருகிற வலி. சின்ன வயதில், இரண்டு பக்கமும், காலில் மதமதப்போடும் என்றால் நரம்புறையைத் தாக்குகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டி அழுத்தினாலும் இப்படி வலி வரும். இந்த வாரமே நரம்பு டாக்டரைப் பார்த்து எம்.ஆர்.ஐ பற்றிக் கேள்.

கரூர் கொசுவலை

சரிங்க அக்கா. வெள்ளிக்கிழமை போகிறேன்.

கோபி மஞ்சக்காடு

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். நடந்ததைச் சொன்னால் இன்னொருவருக்காவது உதவும்.

நீங்கள் எல்லாம் எழுதிய அந்த வாரமே அம்மாவுக்கு ஆக்ஸ்கார்பசெபின் மாற்றிக் கொடுத்தார்கள். மருந்தாளுநர் அக்கா சொன்ன அந்த எச் என்கிற எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஏற்றுமதி ஆர்டர் அவசரத்தில் மறந்துவிட்டேன். மாத்திரை எழுதிய இடத்திலும் பிபிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அப்பாவிடம் இருந்து போன்: அம்மா வாந்தி எடுக்கிறார், என்னைப் பார்த்து நீ யார் என்கிறார். ஓடிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சோடியம் 118. இருக்க வேண்டியது 135 முதல் 145.

உப்பை ஒரேயடியாக ஏற்றக் கூடாது, மூளைக்கே ஆபத்து என்று சொல்லி நாலு நாளில் மெதுவாக ஏற்றினார்கள். அம்மாவின் பையில் இருந்த அட்டையைத் திருப்பினேன். பெயருக்குப் பக்கத்தில் அந்த எழுத்து இருந்தது.

பிபி மாத்திரையை மாற்றிவிட்டார்கள். ஆக்ஸ்கார்பசெபின் நிறுத்தியாயிற்று. கார்பமசெபின் 400, கூடவே பேக்லோஃபென் சின்ன அளவு. வாரம் ஒரு தடவை சோடியம் பார்க்கிறோம். வலி ஓரளவுக்குத்தான் அடங்கியிருக்கிறது.

கோயம்புத்தூரில் எம்.ஆர்.ஐ எடுத்தோம். நரம்பும் குழாயும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி மெல்லிய வெட்டுகளாக எடுக்கிற தனி முறையில் எடுக்கச் சொன்னார் டாக்டர். திரையில் காட்டினார்: வலது பக்க நரம்பின் மேல் அந்தத் தமனி வளைந்து உட்கார்ந்து, நரம்பே குழிந்திருக்கிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை நாள் இவளுக்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தோமே என்றார்.

எம்.வி.டி நல்லது என்கிறார் அறுவை டாக்டர். இருதயப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது. மாமா மட்டும் கத்தியில்லாத காமா கதிர் இருக்கும்போது எதற்கு ஆபரேஷன் என்கிறார். அது எப்படி?

பீளமேடு வாசி

எங்கள் பெரியம்மாவுக்குக் காமா நைஃப் செய்தோம். பெயரில்தான் கத்தி. லார்ஸ் லெக்செல் என்கிற ஸ்வீடன் அறுவை நிபுணர் 1950களிலேயே இந்த மாதிரி முக வலிக்குக் குறிபார்த்துக் கதிர் பாய்ச்சினார், அதில் இருந்து வளர்ந்தது. தலையில் சட்டம் மாட்டி, நரம்பின் ஒரு புள்ளியில் நூற்றுக்கணக்கான மெல்லிய கதிர்களைக் குவிக்கிறார்கள். கீறல் இல்லை, அன்றைக்கே வீடு.

ஆனால் உடனே வலி போகாது. பெரியம்மாவுக்கு ஏழு வாரம் ஆயிற்று, சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும் என்றார்கள். அதுவரை மாத்திரை தொடர வேண்டும். உங்கள் அம்மாவுக்குச் சோடியம் இறங்கிய கதையைப் பார்த்தால் அந்தக் காத்திருப்பே கஷ்டம். பெரியம்மா ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர், அதை நிறுத்த முடியாது என்பதால்தான் எங்களுக்குக் கதிர் வழி. கன்னம் கொஞ்சம் மரத்திருக்கிறது, அதோடு பழகிக்கொண்டார். குழாய் உரசுவது இவ்வளவு தெளிவாகத் தெரிந்து, உடம்பும் தாங்குமென்றால் ஐரோப்பிய நரம்பியல் மருத்துவர்களின் 2019 வழிகாட்டியும் எம்.வி.டியைத்தான் முன்னால் வைக்கிறது.

உடுமலை அக்கா

செலவைப் பற்றி யாரும் எழுதவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் அட்மிட் ஆவதற்கு முன்னால் அங்கிருக்கிற காப்பீட்டுக் கவுண்டரில் இந்த ஆபரேஷனின் பெயரைச் சொல்லி அனுமதி வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் ஒரு கருத்துக் கேளுங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? அதிகம் செய்த கைக்குப் பலனும் கூடுதல்.

கோபி மஞ்சக்காடு

தேதி கிடைத்துவிட்டது, ஆடியில் வருகிறது. ஆடியில் தலையில் கத்தி வைக்கக் கூடாது, ஆவணி பிறக்கட்டும் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். அம்மா நேற்று ராத்திரி துண்டால் கன்னத்தை மறைத்துக்கொண்டு, உதடு அசையாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "வலி மாசம் பாத்துட்டா சாமி வருது?"

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஒரு நாள் இப்படி இருப்பதற்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா எனக்கு இப்போதுதான் சொல்கிறார்.

பல்லடம் தறிக்காரர்

தம்பி, அந்தப் பேச்சை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நானும் ஒரு காலத்தில் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்தவன்தான். இந்த வலிக்கு இணையத்தில் ஒரு கொடூரமான பட்டப்பெயர் ஓடுகிறது. அதை அம்மாவிடம் யாரும் வாசித்துக் காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் வரைக்கும் அம்மாவைச் சாளையில் தனியாக விட வேண்டாம், பூச்சிமருந்து டப்பாக்களை எடுத்து வையுங்கள், டாக்டரிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். 14416 என்கிற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். நீங்களும் அப்பாவும்கூடப் பேசலாம்.

தேதியை மாற்ற வேண்டாம். பாலக்காட்டுக் கணவாயில் இருந்து வருகிற இந்தக் காற்று ஆடி முழுக்க அடிக்கும். வெளியே போனால் காது, கன்னம் மூடுகிற மாதிரி கம்பளி மப்ளர் கட்டட்டும். கஞ்சியை உறிஞ்சு குழாயில் குடிக்கச் சொல்லுங்கள், மெல்லாமல் போகும். எனக்கு அது உதவியது.

ஈரோடு மருந்தாளுநர்

ஆபரேஷன் அன்று காலையும் நரம்பு மாத்திரை உண்டா என்று மயக்க டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் ஒரு வாய்த் தண்ணீரில் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு நாள் முன்னால் சோடியம் ஒரு தடவை.

கோபி மஞ்சக்காடு

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஆடிப் பெருக்கு முடிந்த மறுவாரம் ஆபரேஷன் நடந்தது. மூன்றரை மணி நேரம். ஆஸ்பத்திரி மாடியில் அப்பா ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார், உட்காரவே இல்லை. குழாயை நகர்த்திப் பஞ்சு வைத்தாயிற்று, நரம்பில் அது அழுந்திய தடம் தெரிந்தது என்றார் டாக்டர்.

முதல் இரண்டு நாள் அம்மாவுக்குத் தலைவலியும் வாந்தியும்தான். வலி போய்விட்டதா என்று கேட்டால் பதில் சொல்லாமல் படுத்திருந்தார். நாங்கள் பயந்துவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் நர்ஸ் ஈரத்துணியால் முகம் துடைக்க வந்தார். வலது பக்கம் போனதும் அம்மா வழக்கம்போல் கண்ணை இறுக மூடினார். நர்ஸ் துடைத்து முடித்து அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அம்மா இன்னும் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார், வரும் வரும் என்று.

இன்றைக்கு இருபத்தோராம் நாள். தையல் பிரித்தாயிற்று. ஒரு வெட்டுகூட வரவில்லை. வலது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இன்னும் அடைப்பு இருக்கிறது, கேட்கும் திறன் பரிசோதனையில் சிறிய குறைவுதான், தேறும் என்றார்கள். பேக்லோஃபெனைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியாயிற்று. கார்பமசெபின் இரண்டு வாரத்துக்கு 100 வீதம் குறைத்து இப்போது 300. எடை 51.

பல் டாக்டர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அம்மா கேட்கச் சொன்னார்: பிடுங்கிய அந்த இரண்டு பல்லைத் திரும்ப வைக்க முடியுமா?

நாமக்கல் பல் டாக்டர்

வைக்கலாமுங்க. காது அடைப்பு தெளிந்து, மாத்திரை முழுக்க நின்று, அதற்கப்புறம் இரண்டு மாதம் வலியில்லாமல் இருக்கட்டும். ரொம்ப நேரம் வாயைத் திறந்து வைக்க வேண்டியிருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம். முதலில் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்து பார்க்கலாம், பக்கத்துப் பல்லைத் தேய்க்க வேண்டியதில்லை. டிஸ்சார்ஜ் தாளையும் பழைய எக்ஸ்ரேக்களையும் எடுத்துக்கொண்டு தை மாதம் நாமக்கல் வாருங்கள். ஊசி போட வேண்டி வந்தால் அந்தப் பக்கம் நானே மெதுவாகப் பார்த்துப் போடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.